பார்க்கின்சன் நோயும் உளச்சோர்வும்: குருதியிற் சான்று தேடிய வரலாறு

மருத்துவ வரலாற்றை நோக்குமிடத்து, கண்ணுக்குப் புலனாகும் நோய்க்குறிகளே முதலிற் பெயர் பெற்றுள்ளமை தெளிவாகும். நடுங்கும் கை, கூனிய முதுகு, தடுமாறும் நடை என்பன பார்ப்போர் எவருக்கும் புலப்படுவன. நோயாளி தன் வாயாற் கூறினாலன்றிப் பிறர் அறியவியலாத துன்பங்களோ நெடுங்காலம் நோயின் எல்லைக்குப் புறம்பாகவே வைக்கப்பட்டிருந்தன. பார்க்கின்சன் நோயும் அதனோடு சேர்ந்துவரும் உளச்சோர்வும் இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். அந்நோயின் நடுக்கம் 1817 ஆம் ஆண்டிலேயே செம்மையாக விவரிக்கப்பட்டுவிட்டது. ஆயின், அந்நோயாளரின் உளச்சோர்வும் அதே நோயின் ஓர் அங்கமாகலாம் என்னும் கருத்து வேரூன்றுவதற்கு அதன்பின் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் தேவைப்பட்டது. அக்கருத்து வேரூன்றியபோது, அச்சோர்வினை நோயாளியின் சொல்லைக் கொண்டு மட்டுமன்றி, அவரது குருதியைக் கொண்டும் அறியவியலுமா என்னும் வினா எழுந்தது. உடலின் நிலையொன்றினைப் புறநிலையாக அளந்தறிய உதவும் பொருளை 'உயிரியற் சுட்டி' என்பர். நீரிழிவுக்குக் குருதி வெல்லம் எவ்வாறோ, அவ்வாறே உளச்சோர்வுக்கும் ஒரு சுட்டி கிடைக்குமா என்பதே அவ்வினாவின் சாரம். அவ்வினா எவ்வாறு தோன்றியது, அதற்கு இதுவரை கிடைத்த விடைகள் எத்தகையன என்பன இங்கு நோக்கப்படுகின்றன.

நடுக்கம் பெயர் பெற்றமை

ஜேம்ஸ் பார்க்கின்சன் 1755 ஆம் ஆண்டில் இலண்டன் நகரின் புறத்தே ஹொக்ஸ்ரன் என்னும் இடத்திற் பிறந்து, அங்கேயே வைத்தியத் தொழில் புரிந்தவர். அவர் வைத்தியராக மட்டும் வாழ்ந்தவரல்லர். பாராளுமன்றச் சீர்திருத்தத்தை வேண்டித் துண்டுப்பிரசுரங்கள் எழுதினார்; உயிர்ச்சுவடுகளை ஆராய்ந்து மூன்று தொகுதிகள் கொண்ட நூலொன்றை வெளியிட்டார். தனியார் நடத்திய மனநோயாளர் இல்லமொன்றில் நெடுங்காலம் வைத்தியராகவும் கடமையாற்றி, அத்தகைய இல்லங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் பற்றி 1811 ஆம் ஆண்டில் ஒரு நூலும் எழுதினார். எனவே உளநோய் என்பது அவர் அறியாத துறையன்று.

1817 ஆம் ஆண்டில் நடுக்குவாதம் பற்றி அவர் வெளியிட்ட சிறுநூல் ஆறு நோயாளர்களை மட்டுமே அடிப்படையாகக் கொண்டது. அவர்களுட் சிலர் வீதியிற் செல்லும்போது அவர் கண்ணிற் பட்டவர்கள். ஒருவர் தூரத்திலிருந்து நோக்கப்பட்டவர். ஓய்வாக இருக்கும் கை நடுங்குவதும், உடல் முன்னோக்கி வளைவதும், நடை தன்னையறியாமல் ஓட்டமாக மாறுவதும் அந்நூலில் இன்றும் திருத்தம் வேண்டாத அளவிற்கு விவரிக்கப்பட்டுள்ளன. அந்நூலின் தொடக்கத்தில் நோயின் வரைவிலக்கணத்தைத் தந்த பார்க்கின்சன், புலன்களும் அறிவும் ஊறின்றி இருக்கும் என அதனை முடித்தார். நோயாளியைத் துயருற்றவர் என்றே அவர் குறித்தாராயினும், அத்துயரை நோயின் விளைவாகக் கண்டாரேயன்றி நோயின் கூறாகக் கொள்ளவில்லை. அவர் அறிவைப் பற்றிக் கூறியது பின்வந்தோரால் உள்ளம் முழுமைக்கும் உரியதாகக் கொள்ளப்பட்டது. கைகால்களின் நோய் ஒன்று, மனத்தின் நோய் பிறிதொன்று என்னும் பிரிவினை இவ்வாறு நிலைபெற்றது.

இந்நோய்க்குப் பார்க்கின்சனின் பெயரை வழங்குமாறு பரிந்துரைத்தவர் பாரிஸ் நகரின் சல்பெத்ரியேர் வைத்தியசாலையிற் பணிபுரிந்த சார்க்கோ ஆவார். நோயாளர் யாவரும் நடுங்குவதில்லை, உண்மையான வாதமும் அவர்க்கு இல்லை. ஆதலின் 'நடுக்குவாதம்' என்னும் பெயர் பொருந்தாது என்பது அவர் கருத்து. தசை இறுக்கத்தையும் இயக்கத்தின் மந்தத்தையும் நோயின் தனிக்கூறுகளாக எடுத்துக்காட்டிய அவர், நோய் முதிரும்போது உளத்தின் ஆற்றல்களும் தாக்குறுகின்றன எனவும் கற்பித்தார். அவர் காலத்தவரான பெஞ்சமின் போல் இந்நோயாளரிடம் தோன்றும் உளக்கோளாறுகளைப் பற்றி 1882 ஆம் ஆண்டில் தனிக்கட்டுரையொன்றை வெளியிட்டார். ஆயினும் இக்கருத்துக்கள் பெருவழக்குப் பெறவில்லை. எழுதவும் உண்ணவும் இயலாது பிறர் கையை எதிர்பார்த்திருப்பவர் வருந்துவது இயல்பே என்ற எண்ணமே மேலோங்கியது. அவ்வெண்ணத்தில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் இயல்பு எனக் கொள்ளப்படும் துயருக்கு எவரும் மருந்து தேடுவதில்லை என்பதையும் கருதவேண்டும்.

இந்நோய் உளச்சோர்வை மறைக்கவும் வல்லது. முகத்தசைகள் இறுகி முகம் அசைவற்றிருப்பதால், துயரற்றவரும் துயருற்றவர் போலத் தோன்றுவர். துயருற்றவரின் துயரோ, நோயினால் வந்த முகத்தோற்றம் எனக் கழிக்கப்படும். குரல் மெலிதல், நடை மந்தமாதல், உறக்கம் குலைதல், களைப்பு மேலிடுதல் என்பன இரு நிலைகளுக்கும் பொதுவானவை. ஆகவே நோயாளியை நோக்குவதால் மட்டும் உண்மையை அறிதல் அரிதாயிற்று. புறநிலையான சான்றொன்று வேண்டுமென்னும் தேவை இவ்விடத்திலேயே தோன்றுகின்றது.

இரு மூலிகைகளும் மூளையின் இரசாயனமும்

உடலிலோடும் பாய்பொருளிலே துயரின் காரணம் இருக்கின்றது என்னும் எண்ணம் புதியதன்று. பண்டைய கிரேக்க மருத்துவர் பெருந்துயரைக் கரும்பித்தத்தின் மிகுதி என்றனர். 'மெலன்கோலியா' என்னும் சொல்லின் பொருளே கரும்பித்தம் என்பதாகும். எனினும் அவ்வெண்ணத்திற்கு இரசாயன ஆதாரம் கிடைத்தது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே. அதற்கு வழிகோலிய மூலிகைகளுள் ஒன்று இந்திய வைத்தியத்தில் நெடுங்காலம் வழங்கிவந்த சர்ப்பகந்தா ஆகும்.

1931 ஆம் ஆண்டில் டில்லியில் சலிமுஸ்ஸமான் சித்தீக்கியும் அவருடன் பணியாற்றியோரும் சர்ப்பகந்தாவின் வேரிலிருந்து காரப்போலிகளைப் பிரித்தெடுத்தனர். அதே ஆண்டில் சென், போஸ் என்னும் இரு வைத்தியர்கள் அவ்வேர் சித்தப்பிரமைக்கும் உயர் குருதியமுக்கத்திற்கும் பயன்படுவதை அறிவித்தனர். 1949 ஆம் ஆண்டில் பம்பாய் வைத்தியர் றுஸ்தம் வக்கீல் குருதியமுக்க நோயாளரிடம் அதன் பயனை விளக்கி எழுதிய கட்டுரை மேனாட்டாரின் கவனத்தை ஈர்த்தது. 1952 ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் அவ்வேரின் முதன்மையான செயற்கூறாகிய றெசேர்ப்பினைப் பிரித்தெடுத்தனர். அம்மருந்து உலகெங்கும் பரவியபோது எதிர்பாராத இரு விளைவுகள் தோன்றின. அதனைப் பெருமளவில் நெடுநாள் உட்கொண்டோருட் சிலருக்கு உளச்சோர்வு உண்டாவதை 1954 ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் பிறைஸ் எடுத்துக்காட்டினார். வேறு சிலர்க்குப் பார்க்கின்சன் நோயை ஒத்த இறுக்கமும் நடுக்கமும் ஏற்பட்டன. தனித்தனியாகக் கருதப்பட்டுவந்த இரு துன்பங்களை ஒரே மருந்து தோற்றுவிக்குமாயின், அவ்விரண்டிற்கும் பொதுவான இரசாயன அடிப்படை இருத்தல் கூடும் என்னும் ஐயம் வலுப்பெற்றது. றெசேர்ப்பின் எல்லோரையும் சோர்வுறச் செய்யும் எனக் கொள்வதற்கும் இடமில்லை. 1955 ஆம் ஆண்டில் இலண்டனில் டேவிஸ், ஷெப்பேட் ஆகியோர் நடத்திய பரிசோதனையில் பதகளிப்பும் சோர்வும் கொண்ட நோயாளர்க்கு அம்மருந்தே நலம் பயந்தது. பின்வந்த எளிய கொள்கைகள் பல இம்மாறுபட்ட சான்றினை மறந்தே எழுந்தன.

இதே காலத்திற் செரோட்டோனின் என்னும் பொருளின் வரலாறும் தொடங்குகின்றது. 1948 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் நகரில் றப்போட், கிறீன், பேஜ் ஆகிய மூவர், உறைந்த குருதியினின்று பிரியும் தெளிநீரிற் குருதிக்குழாய்களைச் சுருங்கச்செய்யும் பொருளொன்றைப் பிரித்தெடுத்தனர். தெளிநீருக்கும் சுருக்கும் தன்மைக்கும் உரிய சொற்களை இணைத்தே அதற்கு அப்பெயர் இடப்பட்டது. பின்னாளில் உளச்சோர்வோடு பெரிதும் இணைத்துப் பேசப்பட்ட இப்பொருள், முதன்முதலிற் குருதியிலேயே கண்டெடுக்கப்பட்டமை குறிப்பிடத்தக்கது. 1953 ஆம் ஆண்டில் ருவாரோக், பேஜ் ஆகியோர் அது மூளையிலும் உண்டு என நிறுவினர். 1955 ஆம் ஆண்டில் புரோடியும் அவர்தம் குழுவினரும் றெசேர்ப்பின் அதனை மூளையின் சேமிப்பினின்று வெளியேற்றுவதைக் கண்டனர்.

1957 ஆம் ஆண்டில் சுவீடனின் லுண்ட் நகரில் ஆர்விட் கார்ல்சனும் அவர்தம் குழுவினரும் றெசேர்ப்பினால் அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு டோபா என்னும் பொருளை ஊசிமூலம் செலுத்த, அவை எழுந்து நடமாடத் தொடங்கின. மூளையில் டோபமின் தனிப்பணி ஆற்றுகின்றது என்னும் முடிவிற்கு இதுவே வித்தாயிற்று. 1960 ஆம் ஆண்டில் வியன்னாவில் ஏரிங்கர், ஹோர்ணிக்கீவிச் ஆகியோர், இறந்த பார்க்கின்சன் நோயாளரின் மூளையில் வரியுடலம் என்னும் பகுதியில் டோபமின் பெரிதும் குறைந்திருப்பதைக் காட்டினர். மூளைத்தண்டிலுள்ள கரும்பதார்த்தம் என்னும் பகுதியின் கலங்கள் இந்நோயில் அழிவதை 1919 ஆம் ஆண்டிலேயே திரெத்தியாக்கொவ் கண்டிருந்தார். அவ்வழிவின் பொருள் இப்பொழுதே விளங்கியது. மறு ஆண்டில் பிர்க்மாயரும் ஹோர்ணிக்கீவிச்சும் நோயாளருக்கு லெவோடோபாவைச் செலுத்திப் பயன் கண்டனர். 1967 ஆம் ஆண்டில் நியூயோர்க்கிற் கொட்சியாஸ் அதனை வாய்வழியே பேரளவிற் கொடுக்கும் முறையை வகுத்தார். கார்ல்சன் 2000 ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றோருள் ஒருவரானார்.

இவ்வரலாற்றில் இடம்பெறும் மற்றைய மூலிகை பூனைக்காலி ஆகும். அதன் வித்திலிருந்து டோபாவைப் பிரித்தெடுத்த செய்தியைத் தாமோதரன், இராமசுவாமி என்னும் ஆய்வாளர் இருவர் 1937 ஆம் ஆண்டிற் சென்னையிலிருந்து அறிவித்திருந்தனர். அப்பொருள் முயல்களையும் பின்னர் மனிதரையும் எழுந்து நடக்கச் செய்யும் என்பது அன்று எவரும் அறியாததாகும்.

நடை மீண்டும் சோர்வு நீங்காமை

லெவோடோபாவின் வெற்றி எதிர்பாராத வகையிற் பழைய எண்ணமொன்றைச் சோதனைக்குள்ளாக்கியது. உடல் இயலாமையே உளச்சோர்வின் ஒரே காரணமாயின், உடல் இயங்கத் தொடங்கியதும் சோர்வு நீங்குதல் வேண்டும். சிலரிடம் அவ்வாறே நிகழ்ந்தது. ஆனால் பலர் நடந்தும் உண்டும் எழுதியும் இயங்கத் தொடங்கிய பின்னரும் சோர்வுற்றவராகவே இருந்தனர். உடலியக்கத்தின் தளர்ச்சி எவ்வளவோ, உளச்சோர்வும் அவ்வளவே என்னும் நேரான தொடர்பு காணப்படவில்லை.

பிற்கால ஆய்வுகள் இதனை வேறொரு வகையிலும் உறுதிப்படுத்தின. 2003 ஆம் ஆண்டில் ஜேர்மானிய உடற்கூற்றியலாளர் பிராக்கும் குழுவினரும் நோய் மூளையிற் பரவும் படிநிலைகளை வகுத்தனர். அவ்வகுப்பின்படி, கரும்பதார்த்தம் தாக்குறுவதற்கு முன்னரே, செரோட்டோனினையும் நோரதிரீனலினையும் மூளைக்கு வழங்கும் மூளைத்தண்டின் கீழ்ப்பகுதிக் கலங்கள் தாக்குறுகின்றன. 2015 ஆம் ஆண்டிற் சுவீடனில் வெளியான பேராய்வொன்று, உளச்சோர்வு உள்ளவராக அடையாளங் காணப்பட்ட 140,688 பேரை அந்நோயற்றோருடன் ஒப்பிட்டது. முன்னவரிடையே பார்க்கின்சன் நோய் மிகுந்திருந்தது. அத்தொடர்பு பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னரும் முற்றாக மறையவில்லை. நடுக்கம் வருவதற்குப் பல்லாண்டுகள் முன்னரே வந்த சோர்வினை, நடுக்கத்தினால் விளைந்த துயர் என விளக்கவியலாது. சிலரிடமேனும் உளச்சோர்வே நோயின் முதற்குறியாக இருத்தல் கூடும்.

குருதியின் முதற் சாட்சியமும் அதன் வீழ்ச்சியும்

சோர்வுக்கு மூளையில் அடிப்படை உண்டெனின், அதனை எங்கே அளப்பது? உயிருடன் இருப்பவரின் மூளையை எடுத்துச் சோதிக்கவியலாது. 1984 ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் மேயூவும் குழுவினரும் பார்க்கின்சன் நோயாளரின் மூளைய முண்ணாண் பாய்பொருளைச் சோதித்து, செரோட்டோனின் சிதைவதால் உண்டாகும் பொருள் சோர்வுற்றோரிடம் குறைந்திருப்பதை அறிவித்தனர். ஆனால் அப்பாய்பொருளைப் பெற முதுகிலே ஊசி ஏற்ற வேண்டும். முதியோரிடம் அதனை அடிக்கடி செய்தல் எளிதன்று. குருதியோ எவரிடமும் எளிதிற் பெறத்தக்கது.

எனினும் குருதியிற் காணும் செரோட்டோனினை அளந்து மூளையின் நிலையை அறியவியலாது. உடலிலுள்ள செரோட்டோனினில் மிகப் பெரும்பகுதி குடலிலே தோன்றிக் குருதிச் சிறுதட்டுக்களில் ஏறிச் செல்வது. குருதிக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பு அதனை மூளைக்குட் புகவிடாது. கிளீவ்லாண்டிற் கண்டெடுக்கப்பட்ட பொருள் குருதியிலும் உண்டு, மூளையிலும் உண்டு. ஆனால் ஒன்றன் அளவு மற்றதன் அளவைக் காட்டுவதில்லை. இத்தடையே குருதிச் சுட்டி தேடியோர் அனைவரும் எதிர்கொண்ட முதற் சிக்கலாகும்.

பொதுவான உளச்சோர்வு ஆய்வில் இச்சிக்கலைக் கடக்க முயன்ற பெயர்பெற்ற சோதனையொன்று உண்டு. மூளையின் கட்டளைப்படி அதிரீனற் சுரப்பி கோட்டிசோல் என்னும் ஓமோனைச் சுரக்கின்றது. டெக்சாமெத்தசோன் என்னும் மருந்தில் 1 மில்லிகிராம் இரவில் உட்கொண்டால், உடல் நலமுற்றோரிடம் மறுநாட் குருதியிற் கோட்டிசோல் தாழ்ந்திருக்கும். கடுஞ்சோர்வு கொண்டோர் பலரிடம் அது தாழ்வதில்லை. 1981 ஆம் ஆண்டிற் கரோலும் குழுவினரும் இதனைக் கடுஞ்சோர்வுக்குரிய ஆய்வுகூடச் சோதனையாக முன்வைத்தனர். அவர்தம் கணக்கின்படி, நோயுள்ளோர் நூற்றுவரில் 67 பேரை அது காட்டிக்கொடுத்தது. அந்நோயற்றோர் நூற்றுவரில் 96 பேரைச் சரியாகவே விலக்கியது. உளமருத்துவம் தனக்கெனக் குருதிச் சோதனையொன்றைப் பெற்றுவிட்டது எனப் பலரும் நம்பினர்.

அந்நம்பிக்கை நெடுநாள் நிலைக்கவில்லை. மறதிநோய் கொண்டோர், உடல் எடை இழந்தோர், மதுவை நிறுத்தியோர், வேறு உடல்நோய்களால் வருந்துவோர் ஆகியோரிடமும் அச்சோதனை அதே விடையைத் தருவது கண்டறியப்பட்டது. 1987 ஆம் ஆண்டில் அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் செயற்குழுவொன்று அதன் நடைமுறைப் பயன் குறுகியது என முடிவு செய்தது. சோதனை பொய்யன்று, சோர்வுற்ற பலரின் உடலில் அம்மாற்றம் மெய்யாகவே உண்டு. ஆனால் அது சோர்வுக்கு மட்டும் உரியதன்று. பார்க்கின்சன் நோயாளர் பெரும்பாலும் முதியவர், உடல் மெலிந்தவர், உறக்கங் குலைந்தவர், பல மருந்துகள் உட்கொள்பவர். ஆதலின் ஒரு சுட்டி பிற காரணங்களாலும் மாறுமெனின், அதன் குறை இவர்களிடத்திலேயே மிகுதியாக வெளிப்படும்.

அழற்சியின் சுவடு

1990களில் ஆய்வு வேறொரு திசையிற் சென்றது. காய்ச்சலுற்றவர் உணவை வெறுத்து, உறங்க விரும்பி, எவரோடும் பேசாது ஒதுங்குவர். இது நுண்ணங்கியின் நேரடி விளைவன்று. உடலின் காவற்கலங்கள் வெளியிடும் சைற்றோகைன்கள் என்னும் புரதங்கள் மூளையைத் தூண்டுவதன் விளைவாகும். உளச்சோர்விலும் இதனையொத்த நிலை நிகழலாம் என 1991 ஆம் ஆண்டில் சிமித் ஒரு கொள்கையை முன்வைத்தார். பெல்சிய ஆய்வாளர் மாயிஸ் முதலியோர் சோர்வுற்றோரின் குருதியில் அழற்சியின் அடையாளங்களைக் கண்டனர்.

இக்கொள்கைக்கு வலுவான சான்று சிகிச்சைக்கூடத்திலிருந்தே கிடைத்தது. ஒருவகைத் தோற்புற்றுநோய்க்கு இன்ரர்பெரோன்-அல்பா என்னும் சைற்றோகைன் மருந்தாகப் பேரளவிற் கொடுக்கப்பட்டது. 2001 ஆம் ஆண்டில் வெளியான பரிசோதனையொன்றில், அம்மருந்துடன் போலி மருந்து பெற்ற 20 பேரில் 9 பேர் பெருஞ்சோர்வுக்கு ஆளாயினர். சோர்வெதிர் மருந்தாகிய பரொக்செற்றினை முற்கூட்டியே பெற்ற 18 பேரில் இருவர் மட்டுமே ஆளாயினர். அழற்சிப் புரதம் சோர்வை உண்டாக்கவல்லது என்பது இதனாற் புலனாயிற்று. செரோட்டோனின் உண்டாவதற்குத் தேவையான திரிப்தோபன் என்னும் அமினோவமிலம், அழற்சியின்போது கைனுரெனின் என்னும் வேறு பொருளாக மாற்றப்படுவது இதற்கு ஒரு வழியாகக் கருதப்படுகின்றது.

பார்க்கின்சன் நோயிலும் அழற்சிக்கு இடமுண்டு என்பது முன்னரே அறியப்பட்டிருந்தது. 1988 ஆம் ஆண்டிற் கனடாவின் மக்கீரும் குழுவினரும் இந்நோயாளரின் கரும்பதார்த்தத்தில் மூளையின் காவற்கலங்கள் கிளர்ச்சியுற்றிருப்பதைக் கண்டனர். 1994 ஆம் ஆண்டில் யப்பானிய ஆய்வாளர் மோகியும் குழுவினரும் கட்டி இழைய இறப்புக் காரணி என்னும் சைற்றோகைன் இந்நோயாளரின் மூளையில் மிகுந்திருப்பதை அறிவித்தனர். இவ்விரு ஓடைகளும் 2010 அளவில் ஒன்றுகூடின. அவ்வாண்டில் அமெரிக்காவின் மென்சாவும் குழுவினரும், 2012 ஆம் ஆண்டிற் சுவீடனின் லிண்ட்குவிஸ்ட்டும் குழுவினரும் பார்க்கின்சன் நோயாளரின் குருதியைச் சோதித்தனர். கட்டி இழைய இறப்புக் காரணியின் அளவு உயர்ந்திருந்தோரிடம் சோர்வின் குறிகளும் மிகுந்திருந்தன. இரண்டாம் ஆய்வில், கரையத்தக்க இன்ரர்லியூக்கின்-2 வாங்கி என்னும் பொருளும் சோர்வு, பதகளிப்பு, களைப்பு ஆகியவற்றுடன் தொடர்புற்றிருந்தது. கார்ல்சன் முயல்களை எழுப்பிய லுண்ட் நகரிலிருந்தே இவ்வாய்வும் வந்தமை வரலாற்றின் ஓர் ஒற்றுமையாகும்.

நரம்புக்கலங்களைப் பேணி வளர்க்கும் புரதமொன்றும் இவ்வாறே ஆராயப்பட்டது. மூளையிலிருந்து பெறப்படும் நரம்பூட்டக் காரணி என வழங்கும் அப்புரதம் சோர்வுற்றோரின் குருதித் தெளிநீரிற் குறைந்திருப்பதை 2002 ஆம் ஆண்டிற் கறேஜும் குழுவினரும் காட்டினர். பார்க்கின்சன் நோயாளரின் கரும்பதார்த்தத்திலும் அது குறைந்திருப்பது அறியப்பட்டதால், இரு நோய்க்கும் பொதுவான சுட்டியாக அது அமையலாம் என்னும் எதிர்பார்ப்பு எழுந்தது. ஆயின் குருதியிற் காணப்படும் அப்புரதத்திற் பெரும்பகுதி சிறுதட்டுக்களிற் சேமிக்கப்பட்டுக் குருதி உறையும்போது வெளிப்படுவது. அதனால் மாதிரியை எவ்வளவு நேரம் உறையவிட்டனர் என்பதுகூட அளவை மாற்றிவிடும். செரோட்டோனினின் அளவிற் கண்ட சிக்கல் இங்கும் வேறுருவில் மீண்டது.

இன்றைய நிலை

பார்க்கின்சன் நோயாளரின் உளச்சோர்வை உறுதிப்படுத்துவதற்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட குருதிச் சோதனை எதுவும் இன்றில்லை. 2023 ஆம் ஆண்டில் வெளியான பேராய்வொன்று, அல்பா-சைனியூக்கிளின் என்னும் புரதத்தின் பிறழ்ந்த வடிவத்தை மூளைய முண்ணாண் பாய்பொருளிற் கண்டறிந்து நோயின் இருப்பையே காட்டவல்ல முறையினை உறுதிப்படுத்தியது. அது பெரும் முன்னேற்றமே. எனினும் அது நோய் உண்டு என்று கூறுமேயன்றி, நோயுற்றவர் சோர்வுற்றவரா என்பதைக் கூறாது.

அழற்சிச் சுட்டிகளின் நிலையும் நுணுகி நோக்கத்தக்கது. ஒரு கூட்டத்தாரின் சராசரி மற்றொரு கூட்டத்தாரின் சராசரியினும் உயர்ந்திருத்தல் வேறு. எதிரே அமர்ந்திருக்கும் ஒருவரின் நிலையை ஓர் எண் அறுதியிடுதல் வேறு. பல்நோய், மூட்டுவாதம், உடற்பருமன், சிறு தொற்று என்பனவும் அழற்சிப் புரதங்களை உயர்த்துகின்றன. மேலும், ஒரே வேளையில் அளந்த அளவுகளைக் கொண்டு எது காரணம், எது காரியம் என்று துணியவியலாது. டெக்சாமெத்தசோன் சோதனைக்கு நேர்ந்தது இவற்றிற்கும் நேரலாம். எனினும் அழற்சி மிகுந்தோரைத் தனிக்கூட்டமாகப் பிரித்தறிந்து, எவருக்கு எம்மருந்து பொருந்தும் என்று தேர்வதற்கு இச்சுட்டிகள் நாளை உதவக்கூடும். நோயை முடிவுசெய்யும் நீதிபதியாகவன்றி, சிகிச்சைக்கு வழிகாட்டும் துணையாக அவற்றைக் கருதுவதே இன்றைய ஆய்வின் போக்கிற்கு இயைவது.

இத்தேடல் வெறும் ஆராய்ச்சி ஆர்வத்தினால் மட்டும் எழுந்ததன்று. பல ஆய்வுகளைத் தொகுத்து 2008 ஆம் ஆண்டில் றெயின்டர்ஸும் குழுவினரும் கணித்ததன்படி, பார்க்கின்சன் நோயாளரில் ஏறத்தாழ 17 வீதத்தினர் பெருஞ்சோர்வு உள்ளவர்; கருத்திற் கொள்ளவேண்டிய சோர்வுக்குறிகள் உள்ளோர் 35 வீதத்தினர். அச்சோர்வு தீர்க்கவியலாததும் அன்று. 2011 ஆம் ஆண்டில் டொப்கினும் குழுவினரும் அறிகை நடத்தைச் சிகிச்சையின் பயனைக் காட்டினர். 2012 ஆம் ஆண்டில் வெளியான பரிசோதனையொன்றில், பரொக்செற்றின், வென்லாபக்சின் ஆகிய இரு மருந்துகளும் போலி மருந்தினும் மேம்பட்ட பயன் தந்தன. அறிந்தாற் போக்கக்கூடிய துன்பம், அறியப்படாமையினால் மட்டும் தொடர்கின்றது என்பதே இங்குக் கவலைக்குரியது.

அறிவதற்குரிய வழியோ இன்றும் வினாவுதலே. 2006 ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசிய நிறுவனங்கள் இரண்டின் அழைப்பிற் கூடிய அறிஞர் குழுவொன்று, உறக்கமின்மையோ களைப்போ எந்நோயினால் வந்தது என வாதிட்டுக்கொண்டிராது, காணப்படும் குறிகளையெல்லாம் சோர்வின் கணக்கிற் சேர்த்துக்கொள்ளுமாறு பரிந்துரைத்தது. ஐயத்தின் பயனை நோயாளிக்கே வழங்கும் நெறியெனலாம். மகிழ்ச்சி தந்தவை இப்பொழுதும் மகிழ்ச்சி தருகின்றனவா, நாளை பற்றிய நம்பிக்கை உண்டா, வாழ்வு வேண்டாமென்று தோன்றுகின்றதா என்னும் வினாக்களை முகம் பேசாத ஒருவரிடம் பொறுமையுடன் கேட்பது, எந்த ஆய்வுகூடமும் செய்யவியலாத பணியாகும். சோதனையின் செம்மையை அளக்க முற்படும் ஆய்வாளரும் ஈற்றில் நோயாளி கூறிய விடையோடு ஒப்பிட்டே அதனை அளக்கின்றனர் என்பது மறக்கத்தக்கதன்று.

பார்க்கின்சன் தமது நூலின் முன்னுரையில், தாம் போதிய சோதனையின்றி ஊகங்களை வெளியிடுவதற்கு மன்னிப்பு வேண்டி, நோயின் உண்மை நிலையைப் பிறர் கண்டறிய இது தூண்டுதலாகுமென நம்பினார். அந்நம்பிக்கை பெரும்பாலும் நிறைவேறியுள்ளது. அவர் ஊறின்றி இருக்குமெனக் கருதிய பகுதியிலும் ஊறு உண்டு என்பதைக் கண்டறிந்தமையும் அந்நிறைவேற்றத்தின் ஒரு பகுதியே. குருதி ஒருநாள் தெளிவான சாட்சியம் கூறலாம். அதுவரையில், அவர் வீதியிற் கண்ட நோயாளரை நிறுத்தி நோயின் வரலாற்றைக் கேட்டறிந்தாற்போல, இன்றைய வைத்தியரும் தம்முன் வருவோரை அமரச்செய்து, நடுக்கத்தைப் பற்றி மட்டுமன்றி உள்ளத்தைப் பற்றியும் கேட்டறிதல் வேண்டும். சாட்சியம் கிடைத்த பின்னரும் அக்கேள்விக்குரிய இடம் குறைந்துவிடப் போவதில்லை.